ஜன்னத்துல் அரீஃப்: கிரனடாவின் குன்றுத் தோட்டம்

அந்தலூஸின் வீழ்ச்சியைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டும் உடன் எழுகிறது. ஆட்சியாளர்கள் மாளிகைகளிலும் பூந்தோட்டங்களிலும் மூழ்கிக் கிடந்தனர், அதனாலேயே நாடு கைநழுவியது என்பர். அதற்குச் சான்றாகக் கிரனடாவின் அல்ஹம்ராவையும், அதற்கு மேலே குன்றுச் சரிவில் அமைந்த ஜன்னத்துல் அரீஃபையும் சுட்டுவர். இன்று ஸ்பானியர் வழங்கும் 'ஹெனராலிஃபே' என்னும் பெயர் இதன் திரிபே. அத்தோட்டத்தைச் சற்று நெருங்கி நோக்கினால் அக்குற்றச்சாட்டை அப்படியே ஏற்க நமக்கு மனம் வரவில்லை.

நஸ்ரு வம்சத்துச் சுல்தான் இரண்டாம் முஹம்மதின் காலத்தில் (1273–1302) உருவானதாகக் கருதப்படும் இதனை, 1319இல் முதலாம் இஸ்மாயீல் புதுப்பித்து அழகூட்டினார். கஸ்தீலியப் படையைக் கிரனடாச் சமவெளியில் அவர் முறியடித்த ஆண்டும் அதுவே. தோட்டம் அமைத்தவர் வாளை மறந்துவிடவில்லை.

குன்றின் மேல் தோட்டம் என்றால் முதற்கேள்வி நீர்தான். தர்ரோ ஆற்றின் மேற்பகுதியில், சுமார் 6 கிலோமீட்டருக்கு அப்பால், நீரைத் திருப்பி, மலைச்சரிவை ஒட்டி மிக மெல்லிய சாய்வில் வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்தனர். இறைப்பதற்கு ஆள் வேண்டாம். தரையின் சரிவே நீரை நடத்திவந்தது. சுல்தானின் வாய்க்கால் எனப்பட்ட அது முதலில் இத்தோட்டத்தைத் தொட்டு, பின்னரே அல்ஹம்ராவுக்கு இறங்கியது. வாய்க்காலைக் குறிக்கும் 'ஸாக்கியா' என்னும் அரபுச் சொல் 'அஸேக்கியா' என்று ஸ்பானிய மொழியில் இன்றும் வழங்குகிறது.

நீண்ட முற்றத்தின் நடுவே அவ்வாய்க்கால் ஓடுகிறது. இரு முனைகளிலும் மண்டபங்கள். ஒரு பக்கச் சுவரின் நடுவே ஒரேயொரு பார்வை மாடம். அதன் சாளரங்கள் மிகத் தாழ்ந்தவை. தரையில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக வெளியுலகம் தெரியும். நாற்காலியில் அமர்வோருக்காகக் கட்டியது அன்று அது. 1958இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பின் அகழ்ந்தபோது, பழைய பாத்திகள் நடைபாதையை விடச் சுமார் அரை மீட்டர் தாழ்ந்திருந்தது தெரியவந்தது. பூக்கள் அன்று காலடி மட்டத்தில் கம்பளம்போல் விரிந்திருக்க வேண்டும்! இன்று பயணிகள் படமெடுக்கும் வளைந்து பாயும் நீரூற்றுகள் பிற்காலச் சேர்க்கை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம்மை மிகவும் ஈர்ப்பது நீர்ப்படிக்கட்டுதான். இருபுறக் கைப்பிடிச் சுவர்களின் மேலேயே நீரோட்டம் செல்கிறது. ஏறுபவர் கையை நீட்டினால் நீர். மேலே ஒரு சிறு தொழுமிடம் இருந்திருக்கலாம், ஏறும்போதே உளூச் செய்துகொள்ள இந்த ஏற்பாடு பயன்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அஸ்ஸுமர் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் கூறும், கீழே ஆறுகள் ஓடும் அடுக்கு மாளிகைகளை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. 1526இல் இங்கு வந்த வெனிஸ் தூதர் நவகேரோ இப்படிக்கட்டை வியந்து எழுதியுள்ளார். அப்போது கிரனடா கைமாறி 34 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். மண்டபங்களைச் சூழ்ந்திருந்தவை வெறும் பூஞ்செடிகள் அல்ல; பழத்தோட்டங்களும் காய்கறிப் பாத்திகளும். அரசகுடும்பத்தின் உணவு இச்சரிவிலேயே விளைந்தது. நாட்டை வீழ்த்தியது எதுவெனில், 1482 முதல் தந்தை அபுல் ஹஸனுக்கும் மகன் அபூ அப்தில்லாஹ்வுக்கும் மூண்ட அரியணைப் போரையும், 1469இல் திருமணத்தால் இணைந்த கஸ்தீலிய–அரகோன் அரசகுடும்பங்களின் வலிமையையும் முதலில் சொல்ல வேண்டும். பாத்திகள் மீது பழிபோடுவது எளிது. சகோதரச் சண்டையைப் பேசுவதுதான் கடினம்.

1492 ஜனவரி 2இல் நகரம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் பல தலைமுறைகள் தனியார் குடும்பத்தின் உடைமையாயிருந்த தோட்டம், 1921இல் ஸ்பானிய அரசின் வசமாயிற்று. 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மண்டபங்களுக்குக் கீழுள்ள அடுக்கு நிலங்களில் இன்றும் காய்கறி பயிராகிறது.