திடலின் குரலும் திண்ணையின் குரலும்

குனோங் ராபாட்டுச் சுண்ணாம்புக் குன்றின் குகையுள் நின்று பாடினால், குரல் அடங்குமுன் பாறையில் மோதி மீளும். விரைந்த சொற்கள் குழம்பும். நீண்ட சுரங்கள் பொலியும். வெளியே, தோட்டக் கோயில் திடலிலோ, அதே குரல் காற்றில் கரையும். பாடும் இடமே பாடும் முறையை வகுக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இசையால் கதை கூறுவதை மேனாட்டார் இரண்டாகப் பகுத்தனர். வேடம் புனைந்து நடித்துப் பாடுவது ஆப்பெரா. அவையின்றி நின்றவாறே பாடுவது ஒரட்டோரியோ. 1742இல் டப்ளின் நகரில் முதன்முதல் ஒலித்த ஹாண்டெலின் ‘மெசாயா’ இவ்வகையினது. ஆப்பெராப் பாடகர் ஒலிபெருக்கியின்றிப் பல்லியங்களின் முழக்கத்தை மீறவேண்டும். ஆதலின், வினாடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வுகள் கொண்ட பகுதியில் ஒலி செறியுமாறு குரலைப் பழக்குவர்.

ஹாண்டெலின் காலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779). அவரது இராம நாடகம் பெயரால் நாடகம். வாழ்ந்ததோ பெரிதும் பாடகர் வாயில். இராமனும் சூர்ப்பனகையும் ஒரே குரலில் பிறக்கவேண்டும். தாளக்கட்டற்ற விருத்தம் கதையை நகர்த்தும். தாளத்தோடு வரும் தரு உணர்ச்சியை நிறுத்திக் காட்டும். ஆப்பெராவின் ரெசிட்டேட்டிவும் ஏரியாவும் ஆற்றும் தொழில் ஏறத்தாழ இதுவே.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சரித்திரமும் கதாகாலட்சேபத்திற்கு எழுந்ததே. அதற்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தயங்கினார். இலக்கண வழுக்கள் அவர் கண்ணை உறுத்தின. பாரதியார் பலமுறை வந்தும் பயனில்லை. ஒருநாள் திண்ணையில் அமர்ந்து அவர் தம் கீர்த்தனையைப் பாட, உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உருகிப் பாயிரம் அளித்தார் என்கிறார் உ.வே.சா. ஏட்டில் தோற்ற பாட்டு செவியில் வென்றது. வகுப்பறையில் இக்கீர்த்தனைகளை வாசித்து மட்டும் முடிப்போர்க்கு இந்நிகழ்ச்சி சற்றுச் சங்கடமானதே.

திண்ணைக்குப் போதிய குரல் கொட்டகைக்குப் போதாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் கொட்டகை, தோட்டத் திடலைப் போன்றே குரலை விழுங்கியது. ஆப்பெராவின் பயிற்சிமுறை இங்கில்லை. சுருதியை உயர்த்துவதே வழி. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அவ்வழியில் கொடுமுடியைத் தொட்டு, 1933இல் 27 வயதிலேயே மறைந்தார்.

1935இல் நந்தனார் கதை திரைக்கு வந்தது. வேதியராகக் கச்சேரி மேடையின் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். நந்தனாராக, ஆண்வேடத்தில், கே.பி. சுந்தராம்பாள். கச்சேரிக் குரலும் நாடகக் குரலும் ஒரே படத்தில் எதிரெதிர் நின்றன. ஒலிவாங்கி அருகிலிருந்தும் சுந்தராம்பாள் கொட்டகையின் கடைசி வரிசைக்கே பாடினார்.