பிஞ்சு உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா?



நம் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம், பிறந்த குழந்தைக்கு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சு எழும். "எழும்பூருக்குக் கொண்டு போகலாமா?" என்பது ஒன்று. "மயக்க மருந்தை இந்தப் பிஞ்சு உடம்பு தாங்குமா?" என்பது இன்னொன்று. டாக்டர்களும் பல ஆண்டுகள் பயந்த கேள்விதான் இரண்டாவது.

எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையின் தொடக்கம் 1844. அப்போது மயக்க மருந்து உலகில் எங்கும் வழக்கத்துக்கு வரவில்லை. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதரைக் கொடுத்துக் காட்டினார். 1847 மார்ச்சில் அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. பிறகு குளோரோஃபார்மும் வந்தது. ஆனால் 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் அருகே, கால் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இறந்துபோனாள். அன்று பிறந்தது அந்தப் பயம்.

பயத்துக்குக் காரணமும் உண்டு. 3 கிலோ குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தம் சுமார் 250 மில்லி, ஒரு பெரிய டம்ளர் அளவு. மூச்சுக்குழாயோ மிகக் குறுகலானது. பெரியவர்களுக்கான கருவியில் இருக்கும் வால்வை எதிர்த்து மூச்சு விடவே குழந்தைக்குத் தெம்பு போதாது. 1937இல் அதே நியூகாசிலில் பிலிப் ஆயர் என்ற மருத்துவர், வால்வே இல்லாத 'T' வடிவக் குழாயை அறிமுகப்படுத்தினார். அவரே உதட்டுப் பிளவோடு பிறந்தவர். 1950இல் லிவர்பூலின் ஜாக்சன் ரீஸ் அதில் ஒரு பையைச் சேர்த்தார். பையைக் கையால் அழுத்தினால் குழந்தைக்கு மூச்சு கொடுக்கலாம். நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் இன்றும் அதற்கு 'ஜாக்சன் ரீஸ்' என்றே பெயர்.

மூச்சுக்கு வழி கிடைத்தது. வலி மட்டும் கவனிக்கப்படாமலே இருந்தது. பிறந்த குழந்தையின் நரம்புகள் முதிரவில்லை, அதற்கு வலி தெரியாது என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். வலி மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்ற அச்சம் வேறு. அதனால் 1980கள் வரை மேல்நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலேயே, பல குழந்தைகளுக்குத் தசையை அசையவிடாத மருந்தும் லேசான நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவும் மட்டுமே கொடுத்து அறுத்தார்கள். குழந்தை அசையாது, அழாது. வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதைக் கேள்வி கேட்டவர் ஓர் இந்தியர். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு சென்ற டாக்டர் கன்வல்ஜீத் சிங் ஆனந்த். ஆபரேஷன் முடிந்து திரும்பும் குறைமாதக் குழந்தைகளின் நிலை மோசமாவதைக் கண்டு, காரணம் தேடினார். இதயத்தருகே மூடாமல் இருக்கும் ரத்தக்குழாயைக் கட்டும் ஆபரேஷனில், ஒரு பிரிவுக்கு மட்டும் ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அது கிடைக்காத குழந்தைகளின் ரத்தத்தில் அதிர்ச்சியைக் காட்டும் ஹார்மோன்கள் மிக அதிகம். ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் அதிகம். 1987இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது.

1992இல் அவரும் பாஸ்டனின் டாக்டர் ஹிக்கியும் இதய ஆபரேஷன் நடந்த 45 பச்சிளங்குழந்தைகளின் முடிவை வெளியிட்டார்கள். லேசான மயக்க முறையில் இருந்த 15 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஆழ்ந்த மயக்கமும் வலி மருந்தும் பெற்ற 30 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை.

ஆக, "மயக்க மருந்தைத் தாங்குமா?" என்று கேட்பதில் தவறில்லை. ஆபத்து முழுவதும் நீங்கிவிடவும் இல்லை. ஆனால் வலியைக் குழந்தை தாங்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம். வீட்டுப் பெரியவர்கள் மயக்க மருந்து வேண்டாம் என்று தடுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் மயக்க மருந்து டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "எடைக்கு ஏற்ப என்ன கொடுப்பீர்கள்? ஆபரேஷன் முடிந்த பிறகு வலிக்கு என்ன கொடுப்பீர்கள்?"

வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தைக்காக அதை நாம்தான் கேட்க வேண்டும்.