மாசி வீதியில் சித்திரைத் தேர்



கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என மாதங்களின் பெயரால் வீதிகள் அமைந்த ஊர் நம் மதுரை. ஆனால் சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவதோ நான்கு மாசி வீதிகளில். ஏன்? இந்தச் சிறு கேள்விக்குள் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

முற்காலத்தில் மீனாட்சியம்மனின் திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசி மாதத்தில்தான் நடந்தன. அழகர் திருவிழா அதனின்று வேறானது. சித்திரை முழுநிலவையொட்டி அழகர்கோயிலிலிருந்து புறப்படும் கள்ளழகர், அலங்காநல்லூர் வழியாகச் சோழவந்தான் பக்கமுள்ள தேனூருக்குச் சென்று வைகையில் இறங்குவார். மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளிப்பார். ஒன்று சைவம், மற்றது வைணவம். ஒன்று நகரத்தின் விழா. மற்றது கள்ளரும் கோனாரும் உழவரும் திரண்டு வரும் நாட்டுப்புற விழா.

இவ்விரண்டையும் சித்திரையில் இணைத்தவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாசியில் குடியானவனுக்குக் களத்து வேலை இருக்கும். சித்திரையில் கை ஓய்ந்து, கையில் நான்கு காசும் இருக்கும். பெரிய தேர்களின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். சைவரையும் வைணவரையும், நகரத்தாரையும் நாட்டாரையும் ஒரே விழாவில் காண விரும்பிய அரசருக்கு அரசியல் கணக்கும் இருந்திருக்கும்.

இணைப்பு என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்காக விட்டுக்கொடுத்தவர்களை நினைக்கிறோமா? மதுரை தன் மாசியை விட்டது. அழகர்கோயில் தன் பழைய பாதையை விட்டது. எல்லாரிலும் அதிகம் இழந்தது தேனூர். தங்கள் கரைக்கு வந்துகொண்டிருந்த சாமி மதுரைக்குப் போய்விட்டார். ஆனால் மண்டூக முனிவருக்கு விமோசனம் நடக்கும் வண்டியூர் மண்டபத்துக்கு இன்றும் பெயர் தேனூர் மண்டபம். மாசி வீதியும் தேனூர் மண்டபமும் வெறும் பெயர்கள் அல்ல. யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஊர் எழுதி வைத்த கணக்கு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இணைந்த பின்னும் ஒரு விழா மற்றதை விழுங்கவில்லை. தங்கை திருமணத்துக்கு வந்த அண்ணன், ஆற்றுக்கு வருமுன்னே தாலி கட்டியாகிவிட்டது என்று கேட்டுக் கோபித்து வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது மக்கள் சொல்லும் கதை. கோயிலிலே தங்கையைத் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். கள்ளழகர் மீனாட்சி கோயிலுக்குள் வருவதே இல்லை. இடைவெளியை மக்கள் மறைக்கவில்லை. அதை அண்ணன் தங்கை உறவாக மாற்றிக்கொண்டார்கள். அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் இரவு தங்குகிறார் என்ற வழக்கையும் சேர்த்துக்கொண்டு, இன்னொரு சமயத்தாருக்கும் கதையில் இடம் வைத்தார்கள்.

நாளுக்காகச் சண்டையிட்ட வரலாறு நம் திருச்சபைக்கும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் ஆசியாவின் திருச்சபைகள் யூத மாதத்தின் பதினான்காம் நாளில் பாஸ்கா கொண்டாடின; உரோமை ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடியது. திருத்தந்தை விக்டர் ஆசியாவினரை விலக்கி வைக்க முனைந்தபோது, நாள் வேறானாலும் ஒன்றிப்பை முறிக்க வேண்டாம் என்று தடுத்தவர் புனித இரனேயு. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாட வேண்டும் என்ற முடிவு 325ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கத்தில்தான் ஏற்பட்டது.

நம் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் அழகர் விழாவுக்கும் முழுநிலவே கணக்கு. ஆகவே 2019இல் இரண்டும் அருகருகே வந்தன. ஏப்ரல் 18 நமக்குப் பெரிய வியாழன், மதுரைக்குத் தேரோட்டம், நாட்டுக்கு மக்களவைத் தேர்தல். மறுநாள் பெரிய வெள்ளியன்று அழகர் ஆற்றில் இறங்கினார். தேருக்காக மதுரையில் வாக்குப்பதிவு இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. ஒருவருக்காக மற்றவர் சற்று நகர்ந்துகொண்டால் எல்லாருக்கும் இடமுண்டு.

அன்பர்களே, இன்று பல ஊர்களில் திருவிழா நின்றுபோவது பணமில்லாமல் அல்ல. முதல் மரியாதை யாருக்கு, எந்தத் தெரு வழியாகப் போவது என்ற மனத்தாங்கலால் நிற்கிறது. கோயில் தேருக்கு மட்டுமல்ல, நம் ஆலயச் சப்பரத்துக்கும் இது பொருந்தும். புனிதரின் சப்பரம் இன்னும் நுழையாத தெருக்கள் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். அந்தத் தெருவில் வாழ்வோர் விட்டுக்கொடுக்க இனி ஒன்றுமில்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொடுத்தே வந்திருக்கிறார்கள். நகர வேண்டியவர்கள் மற்றவர்கள்தாம்.

இந்த ஆண்டு விழாக் கமிட்டி கூடும்போது, வரி எவ்வளவு, வாணவேடிக்கை எவ்வளவு என்று பேசுமுன் இதைப் பேசுவோம்: நம் தெரு எதை விட்டுக்கொடுக்கப் போகிறது? சப்பரம் எந்தத் தெருவுக்குப் புதிதாகப் போகப் போகிறது?

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.