பாட்டும் பேச்சும் ஒரே பெட்டியில்

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேன் என்னும் கையடக்க ஒலிநாடாக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இருவர் சேர்ந்து கேட்க அதில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. கூடவே ஆரஞ்சு நிறப் பொத்தான் ஒன்றும் உண்டு. அதை அழுத்தினால் பாட்டு தாழ்ந்து, கருவியிலுள்ள மைக் வேலை செய்யும். ஹெட்போனைக் கழற்றாமலே இருவரும் பேசிக்கொள்ளலாம். பாட்டுக்கும் பேச்சுக்கும் உள்ள போட்டி அன்றே தொடங்கிவிட்டது எனலாம். 2005-இல் இசைக்கென்றே செல்பேசி செய்ய முனைந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான் வந்தது.

பாடல்களை அடைப்பது அப்போது பெரிய கஷ்டமாக இல்லை. ஒலித்தகட்டில் ஒரு நொடி இசைக்குச் சுமார் 14 லட்சம் பிட்டுகள் வேண்டும். எம்பி3 முறை, செவி கவனிக்காத ஒலிகளைத் தள்ளிவிட்டு, 1,28,000 பிட்டுகளில் முடித்துவிடுகிறது. நான்கு நிமிடப் பாடல் 4 மெகாபைட்டுக்குள் அடங்கும். 512 மெகாபைட் அட்டையில் ஏறக்குறைய 130 பாடல்கள்!

இடையூறு வேறு இடத்திலிருந்து வந்தது. ஜிஎஸ்எம் செல்பேசி தன் வானொலி அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு, உச்சத்தில் 2 வாட் வரை, துடிப்புகளாக அனுப்புகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை நம் காதுக்கு எட்டாது. ஆனால் 217 என்ற அந்தத் துடிப்பு, ஒலிபெருக்கிச் சுற்றில் நுழைந்தால், நன்றாகவே கேட்கும். வானொலிப் பெட்டியின் அருகே செல்பேசியை வைத்தவர்கள் அந்த 'டிட்-டிட்' இரைச்சலைக் கேட்டிருப்பார்கள் அல்லவா? அதே ஆன்டெனாவுக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி இசைச் சுற்றை வைக்க வேண்டும்! மின்கலத்தை விரைவில் தீர்ப்பதும் அந்த அலைபரப்பிதான்.

2005-இல் வெளிவந்த சோனி எரிக்சன் டபிள்யூ800 இதற்கு எளிய வழி ஒன்றைத் தந்தது. தொலைபேசிப் பகுதியை அறவே நிறுத்திவிட்டுப் பாட்டு மட்டும் கேட்கலாம். துடிப்பும் இல்லை, செலவும் குறைவு. தொலைபேசி இயங்கினால் 15 மணி நேரம், நிறுத்தினால் 30 மணி நேரம் பாடும் என்று நிறுவனம் கூறியது. அழைப்பு வந்தால் பாட்டு தானே நிற்கும். பேசி முடித்ததும் தொடரும். ஹெட்போனுக்குத் தனி இணைப்பான் வைத்தது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று ஆப்பிளும் மோட்டரோலாவும் சேர்ந்து ராக்கர் இ1 செல்பேசியை அறிமுகம் செய்தன. மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு அழைப்பை ஏற்றுப் பேசி முடித்தார். பாட்டு திரும்ப வரவில்லை. தவறான பொத்தானை அழுத்திவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தார். அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. அட்டையில் இடமிருந்தாலும் 100 பாடல்களுக்கு மேல் அது ஏற்காது. இந்த எண்ணை எந்தப் பௌதிக விதியும் தரவில்லை. செய்தவர்களே போட்ட வேலி அது. 1,000 பாடல்கள் கொள்ளும் ஐபாட் நானோவையும் ஆப்பிள் அன்றே அதே மேடையில் காட்டியது.

2007-இல் வந்த நோக்கியா 5310 செல்பேசியின் எடை 71 கிராம்தான். திரையின் ஓரத்தில் பாட்டுக்கெனத் தனிப் பொத்தான்கள், தலைப்பகுதியில் 3.5 மில்லிமீட்டர் துளை. வாக்மேனுக்குப் பலர் வாங்கி வைத்திருந்த ஹெட்போன்கள் அதில் அப்படியே பொருந்தின.