மூத்தம்மாவின் பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது?

 

வாப்பாவின் வாப்பா பெயரைக் கேட்டால் நம்மில் அநேகர் உடனே சொல்லிவிடுவோம். உம்மாவின் உம்மா பெயரும் தெரியும். அந்த மூத்தம்மாவைப் பெற்றவரின் பெயர்? வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது.

சமாதானப் பேச்சுக் காலத்தில் நாம் அடிக்கடி கேள்விப்பட்ட நோர்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1825 முதல் நூறு வருட காலத்தில் அங்கிருந்து சுமார் எட்டு இலட்சம் பேர் வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களின் சந்ததியினர் இன்றைக்கும் தங்கள் பூர்வீகத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். காரணம், 1801இல் எடுத்த குடிசன மதிப்பீட்டிலேயே ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. தகப்பன் பெயரோடு 'சன்' சேர்ப்பது அவர்கள் வழக்கம். அதனால் ஊருக்குப் பத்து 'ஊலே ஊல்சன்' இருப்பார்கள். எந்த ஊல்சன் என்று பிரித்துக் காட்டுவது அவர்கள் வாழ்ந்த பண்ணையின் பெயர்.

நமக்கு அந்த வசதி இல்லை. இலங்கை முழுவதற்குமான முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. சோனகர் எத்தனை, தமிழர் எத்தனை என்று அந்த அறிக்கைகளில் பார்க்கலாம். ஆனால் அவை தலைகளை எண்ணுகின்றன, பெயரைச் சொல்வதில்லை. 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று போர்த்துக்கேயர் வரலாற்றில் இருக்கிறது. அதிலும் எண்ணிக்கைதான்.

பெயர் வேண்டுமென்றால் வீட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். பழைய படிவத்தைக் கவனித்துப் பாருங்கள். தந்தை, தாய் விபரங்களுக்குப் பிறகு பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கும் கூடு இருக்கும். பாட்டியைப் பற்றிக் கேட்கும் கூடு இல்லை. அடுத்தது காவின். முஸ்லிம் திருமணப் பதிவுக்கென்று 1886இலேயே சட்டம் வந்துவிட்டது. மஹர், வலி, சாட்சிகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் மணப்பெண்ணுக்காக வலிகாரர்தான் ஒப்பமிடுவார். ஆகவே அரச பதிவுகளை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஆண்களின் பெயர்தான் வரிசையாக வரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் கரையோரத்தில் வம்சம் கணக்கிடப்பட்டது பெண் வழியில். குடி உம்மாவிடமிருந்துதான் பிள்ளைக்கு வருகிறது. வாப்பாவின் குடி வேறு, நம் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் பேசமாட்டார்கள். குடிக்குள் இன்னும் நெருங்கிய தாய்வழிக் கிளையை 'வகுத்துவார்' என்பார்கள். வயிற்று வழி என்பதுதான் அதன் பொருள். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருந்ததும் இதனால்தான். அக்கரைப்பற்றில் நமக்கும் தம்பிலுவிலில் தமிழ் மக்களுக்கும் இந்தத் தாய்வழிக் குடி முறை பொதுவானது. அங்கே கோயில் வண்ணக்கர், இங்கே மரைக்காயர். நோர்வேக்காரனுக்குப் பண்ணைப் பெயர் எதுவோ, நமக்குக் குடிப் பெயர் அது. நான்கு ஆதம்பாவாக்களில் யார் எந்த ஆதம்பாவா என்று காட்டித் தருவது குடிதான்.

அப்படியானால் மூத்தம்மாமாரின் பெயர் எங்கே? காணி உறுதியில்!

நம் வழக்கப்படி வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. உம்மா மகளுக்கு எழுதுகிறார், அந்த மகள் தன் மகளுக்கு எழுதுகிறார். இன்றைய உறுதியை வாசித்தால் காணி யாரிடமிருந்து வந்தது என்றிருக்கும். அதைப் பிடித்து முன்னைய உறுதிக்குப் போகலாம். அதிலிருந்து தாயுறுதிக்குப் போகலாம். ஒவ்வொன்றிலும் ஒரு தலைமுறைப் பெண் தன் முழுப் பெயரோடு இருக்கலாம். எல்லைகளையும் விட்டுவிடாதீர்கள். 'வடக்கே இன்னாரின் வளவு' என்று எழுதியிருப்பது பல நேரம் அவருடைய கூடப்பிறந்த சகோதரியின் வளவாக இருக்கும். ஏனென்றால் ஒரே வளவைத்தான் பெண்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

தேடும்போது இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய தாள்களில் மட்டக்களப்பு என்றே இருக்கும். அடுத்தது, ஆங்கிலத்தில் எழுதிய எழுதுவினைஞர் ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார். எழுத்தைப் பார்க்காமல் ஓசையைப் பாருங்கள்.

2004 டிசம்பர் 26இல் கடல் நம் கரையில் எத்தனையோ பெட்டிகளைக் கொண்டுபோய்விட்டது. பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். ஆனால் எந்தக் குடி, எந்த வகுத்துவார், யாருக்கு யார் ராத்தா என்பதற்குப் பிரதி கிடையாது. அது எண்பது வயது தாண்டிய நம் வீட்டுப் பெண்களின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தங்கள் குடியின் பெயரே தெரியாது.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு கொப்பியோடு மூத்தம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பெயர், அவர் உம்மா பெயர், குடி, பிறந்த வளவு. இந்த நான்கையும் எழுதி, திகதியும் போட்டு வையுங்கள். போனில் குரலையும் பதிவு செய்யுங்கள்.

உங்கள் குடியின் பெயர் என்ன? கீழே எழுதுங்கள், பிள்ளைகளும் வாசிக்கட்டும்.