துறை

துறை (பெ.): 1. ஆறு, குளம், கடலில் இறங்குமிடம். 2. படகு அணையுமிடம்: பருத்தித்துறை, காங்கேசன்துறை. 3. அறிவு அல்லது நிர்வாகப் பிரிவு. 4. கணினியில் 'போர்ட்'.

துறைமுகத்துக்கும் கணினித் துறைக்கும் ஆங்கிலம் 'போர்ட்' என்றே சொன்னாலும், முன்னது லத்தீன் 'போர்ட்டுஸ்' (துறைமுகம்), பின்னது 'போர்ட்டா' (வாசல்). இரண்டும் ஒரே வேரின் கிளைகள். ஆகவே கணினித் துறையை 'வாயில்' என்போரும் பிழை சொல்லவில்லை.

வலையமைப்பில் கணினித் துறை என்பது 0 முதல் 65535 வரையான ஓர் எண். பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443, எஸ்எஃப்டிபி கோப்புப் பரிமாற்றத்துக்கு 22.

போர்ட் ஃபார்வர்டிங்: ஸ்கந்தபுரத்து வீட்டு ரவுட்டர் வெளியே காட்டும் முகவரி ஒன்றே, உள்ளேயுள்ள கருவிகளுக்குத் தனித்தனி முகவரிகள். வீட்டுக் கணினியில் கிடக்கும் கலியாணப் படங்களைக் கனடாவில் இருக்கும் மகள் எடுக்க வேண்டுமானால், '2222ஆம் துறைக்கு வருவதை 192.168.1.20இன் 22ஆம் துறைக்கு அனுப்பு' என்று ரவுட்டரில் பதிய வேண்டும். அக்கராயன்குளத்துத் துருசைத் திறந்து குறித்த வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுவதுபோல. சிம் போடும் 4ஜி ரவுட்டரில் இது பெரும்பாலும் சரிவராது. தொலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடுகின்றன. அங்கே தனிப் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது விபிஎன் வழியை நாட வேண்டும்.