பெயர் தெரியாமலே பிடித்த மீன்: காவிரி மஹ்சீரின் கதை

எல்லா நண்பர்கள் குரூப்லயும் ஒரு பிளான் நிரந்தரமா பாக்கி இருக்கும். டவர் கிடைக்காத காடு, நடுவுல ஒரு ஆறு, கையில தூண்டில், நாலு நாள் லீவு. ஒருத்தர் மேப்ல ஒரு புள்ளியை ஷேர் பண்ணுவார், ரெண்டு பேர் "நான் ரெடி" சொல்வாங்க, அதோட குரூப் அமைதியாயிடும்.

இதே பிளானைக் காவிரி படுகையில கிட்டத்தட்ட 150 வருஷமா போட்டுக்கிட்டு இருக்காங்க. தேடிப் போனது மஹ்சீர் மீனை. கெண்டைக் குடும்பம்தான், ஆனா குளத்துக் கெண்டையை மனசுல வெச்சுக்காதீங்க. கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு செதில். பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் தண்ணியில வாழ்க்கை. நல்லா வளர்ந்தா ஒரு ஆளோட எடை. இந்தப் பயணங்கள் அந்த மீனுக்கு என்ன செய்தன? அதுதான் இன்னைக்கு எபிசோடு.

1873-ல் இருந்து தொடங்கலாம். ஹென்றி சல்லிவன் தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி, தென் கனரா மாவட்டத்தில் வேலை பார்த்தவர். 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்த மீனுக்கு எந்தக் கருவி, எந்த இரை, எந்த மாதிரித் தண்ணி என்று சொல்லித் தரும் கையேடு. அதில் ஹீரோ மஹ்சீர்தான். இங்கிலாந்தில் சால்மன் பிடித்துப் பெருமைப்பட்ட ஆட்களுக்கு, அதைவிட முரட்டு மீன் இங்கே இருக்கிறது என்று தெரிய வந்தது. லீவு கிடைத்த அதிகாரிகள் கூடாரம், சமையல்காரர், தூண்டில் பெட்டி சகிதம் ஆற்றங்கரைக்குக் கிளம்பினார்கள்.

இந்தக் காலகட்டத்தின் உச்சம் 1946. மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்வதில் பேர் போன வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், காவிரியின் துணை ஆறான கபினியில் 120 பவுண்டு மஹ்சீரைப் பிடித்தார். சுமார் 54 கிலோ.

அடுத்த வருஷம் சுதந்திரம். வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பல் ஏறிவிட்டார்கள், அவர்களோடு இந்தப் பொழுதுபோக்கும் போனது. ஆறும் முன்பு மாதிரி இல்லை. மேலே கிருஷ்ணராஜசாகர் அணை, கீழே 1934-ல் வந்த மேட்டூர் அணை. இது போதாதென்று வெடி வைத்து மீன் பிடிக்கும் பழக்கம். கோடையில் தண்ணி வற்றும்போது பெரிய மீன்கள் ஆழமான மடுக்களில் ஒதுங்கும். அங்கே ஒரு வெடி விழுந்தால் பெரிசு சிறிசு என்று எல்லாமே காலி. பெரிய மஹ்சீர் இனி இல்லை என்ற எண்ணம் தூண்டில்காரர்கள் மத்தியில் பரவிவிட்டது.

1970களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து 'டிரான்ஸ் வேர்ல்ட் ஃபிஷிங் டீம்' என்ற பெயரில் மூன்று பேர் இங்கே வந்தார்கள். அந்தக் காலப் பிளானிங்கைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. சாட்டிலைட் மேப் கிடையாது, ரிவ்யூ கிடையாது, மீன் இருக்கா இல்லையா என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. ஆனா காவிரியில் அவர்கள் 92 பவுண்டு வரை பிடித்தார்கள். கிட்டத்தட்ட 42 கிலோ. பிடித்ததை ஆற்றிலேயே திரும்ப விட்டார்கள். காவிரியில் இன்னும் பெரிய மஹ்சீர் இருக்கு என்ற செய்தி உலகம் பூரா இருந்த தூண்டில்காரர்களை எட்டியது.

அப்புறம் வந்தவை கேம்ப்கள். 1972-ல் தொடங்கிய வைல்ட்லைஃப் அசோசியேஷன் ஆஃப் சவுத் இந்தியா ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பின்னாடி கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமக்களி என்று கேம்ப்கள் நடத்தியது. எல்லாமே மேகேதாட்டுக்கு மேலே, காட்டுக்குள்ளே.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச பகுதி இங்கதான் வருது. கைடு வேலைக்கு வந்தவர்களில் சிலர் முன்பு இதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். எந்த மடுவில் எந்த மாதம் மீன் நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இரை என்ன தெரியுமா? கேழ்வரகு மாவை வேகவைத்துப் பிடித்த உருண்டை. வாகனம் பரிசல். வெளிநாட்டுக்காரர் கையில் விலையுயர்ந்த தூண்டில், முள்ளில் நம்ம ஊர் கேழ்வரகு. மீன் செத்தால் ஒரு நாள் காசு, உயிரோடு இருந்தால் வருஷா வருஷம் சம்பளம். வெடி வைப்பவர்களைத் தடுக்க அங்கே ஆட்களுக்குக் காரணம் கிடைத்தது.

கேம்ப் விதி சிம்பிள்: பிடி, எடை போடு, நோட்டில் எழுது, விடு. இதில் 'நோட்டில் எழுது' என்பதுதான் பிற்பாடு பெரிய விஷயமானது. நம்ம பாஷையில் சொன்னா, அது ஒரு லாக் ஃபைல். 1998 முதல் 2012 வரையிலான கலிபோரே கேம்ப் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து, 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹ்சீர். சராசரியாக நாலு மணி நேரத்துக்கு ஒரு மீன். மிகப் பெரியது 46.8 கிலோ.

மணிக்கு எத்தனை மீன் என்ற கணக்கு வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனது. டேஷ்போர்டு பச்சையா இருக்கு, பாதுகாப்பு வேலை செய்யுது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனா மீனின் சராசரி எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஏன்?

ஏன்னா எல்லாத்தையும் 'மஹ்சீர்' என்ற ஒரே பெயரில் கூட்டினாலும், ஆற்றில் இருந்தது ரெண்டு வகை. ஒன்று முதுகில் திமில் மாதிரி மேடு உள்ள, காவிரிக்கே சொந்தமான மஹ்சீர். பழைய போட்டோக்களில் வரும் ராட்சத மீன் அதுதான். இன்னொன்று நீலத் துடுப்பு மஹ்சீர். லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணையில் குஞ்சு பொரித்து, 1970களில் தொடங்கிக் காவிரியில் விடப்பட்டது. நல்ல எண்ணத்தில் செய்த வேலை. எண்ணிக்கை ஏறியதற்குக் காரணம் இந்த வந்த மீன். திமில் மஹ்சீர் அதே வருஷங்களில் குறைந்துகொண்டே போனது. கூட்டுத்தொகை பெருகியதால் அந்த இழப்பு கண்ணில் படவில்லை.

இதில் இன்னொரு கொடுமை, திமில் மஹ்சீருக்குச் சரியான அறிவியல் பெயரே இல்லை. பெயர் இல்லாத இனத்தை அழியும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? 2007-ல் கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களை வைத்து 'டோர் ரெமாதேவி' என்று ஒரு புது இனத்தை விவரித்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் கே. ரெமாதேவியைக் கௌரவிக்கும் விதமாக வைத்த பெயர். அந்தப் பாம்பாறுதான் உடுமலைப் பக்கம் அமராவதியாகிக் காவிரியில் சேர்கிறது. மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டுப் பார்த்து, திமில் மஹ்சீரும் இதுவும் ஒன்றுதான் என்று 2018-ல் உறுதி செய்தார்கள். அதே வருஷம் அது 'மிக அருகிய இனம்' ஆனது. புகழ்பெற்று 145 வருஷம் கழித்துத்தான் அந்த மீனுக்கு உரிய பெயர் கிடைத்தது, அதோடு சேர்ந்தே அபாய மணியும்.

கேம்ப் தூண்டில் அதற்கு முன்பே, 2012 வாக்கில் நின்றுவிட்டது. அது காவிரி வனவிலங்கு சரணாலயம். அங்கே மீனைப் பிடித்துத் திரும்ப விட்டாலும் வேட்டைதான் என்று சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டது. நியாயமான வாதம்: முள் குத்தினால் மீனுக்குக் காயம்தான், சரணாலயத்தில் பணக்காரர் பொழுதுபோக்குக்கு மட்டும் ஏன் விலக்கு? எதிர்வாதமும் நியாயமானது: கேம்ப் போனால் கைடு வேலை போகும், காவல் போகும், நோட்டும் நின்றுபோகும். என்னோட கருத்து, தடையை எதிர்க்க முடியாது. ஆனா தூண்டிலை எடுத்த கையோட, காவலுக்கும் கணக்குக்கும் மாற்று ஏற்பாடு வெச்சிருக்கணும். இப்போ மேகேதாட்டு அணைத் திட்டம் பேச்சில் இருக்கு. தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றி நிறைய சண்டை போடுறோம். அந்த அணை வந்தால் மூழ்கப்போகும் நிலத்தில் பெரும்பகுதி இதே சரணாலயம் என்பதை யாரும் அதிகம் பேசுறதில்லை.

சரி, உங்க குரூப் பிளானுக்கு வருவோம். சரணாலயத்துக்குள் தூண்டில் வேண்டாம், அது சட்டப்படி குற்றம். அனுமதி இருக்கும் வேற ஆறு, ஏரிக்குப் போறீங்கன்னா, அந்த ஊர் மீனவரை முதல்ல பாருங்க, மேப்பை அப்புறம் பாருங்க. பிடிச்சது என்ன மீன், எவ்வளவு எடை, எந்த இடம், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீங்க, எல்லாம் எழுதி வைங்க. ஒண்ணும் மாட்டாத நாளையும் எழுதுங்க, அதுவும் டேட்டாதான். கலிபோரேயில் எழுதியவர்கள் மீன் பிடிக்கத்தான் போனார்கள், ஆராய்ச்சிக்கு இல்லை. அவங்க எழுதாம விட்டிருந்தா, அந்தத் திமில் மீன் குறைஞ்சுக்கிட்டே போனதுக்குக் கணக்கே இருந்திருக்காது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.